பழுப்பு வயர்

— எனக்கே இப்ப சரியா நினைவில்ல, மாப்ளே. தடிச்ச செவப்பு வயரை எங்க கொடுத்தேன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிடுவேன். இந்தப் பழுப்பு வயருதான்... உன் கொட்டகையில வெச்சுப் பண்ணினோம். நீ வாத்து சுட்டுக்கிட்டு வந்த அன்னிக்கா, இல்ல அது முந்தின வருஷமா?

— வாத்து கெடக்கட்டும் மச்சான். வயரைப் பாரு.

— பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். விரல்ல உணர்ச்சியே இல்ல. எது வயரு எது டேப்புன்னு தெரியல.

— நீ போட்ட வயரு, நீ சுத்தின டேப்பு. புது ஆல்டர்னேட்டர் மாட்டிட்டு என்ன சொன்னே? இனி நீ சாகற வரைக்கும் கவலை இல்லன்னு சொன்னே.

— நீ இன்னும் சாகலையே.

— இந்த நேரத்துல இப்படிப் பேசாத.

— சரி. பேசல. ஆனா குளிர்காலம் பூரா ஓடிச்சா இல்லையா?

— ஓடிச்சு. ஓடிட்டு, எங்க நிக்கக் கூடாதோ அங்க வந்து நின்னுடுச்சு. கரையிலேர்ந்து நாலு மைலு, நடு ஏரி. மார்ச்சு கடைசி ஐஸு. மேல மழைத் தண்ணி.

— வண்டிக் கெழவியைத் திட்டாத. எண்பத்தாறுல பொறந்தவ. திட்டினா இன்னும் மொரண்டு பிடிப்பா.

— மச்சான். கொரின் விரிசலுக்கு அந்தப் பக்கம் தனியா நிக்கறா.

— தெரியும். உனக்குப் பொண்டாட்டி ஆகறதுக்கு முன்னாடியே எனக்குத் தங்கச்சி அவ. டார்ச்சை ஆட்டாமப் பிடி.

— நான் ஆட்டல. காத்துதான் தள்ளுது.

— அப்ப கையை இடுப்போட ஒட்டி வெச்சுக்கோ. அப்படித்தான். கேஸ் அடுப்புகிட்ட கழட்டி வெச்ச பேட்டரி சூடாயிருக்கான்னு தொட்டுப் பாத்தியா?

— பாத்தேன். வெதுவெதுன்னு இருக்கு.

— அடுப்புலேர்ந்து கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும். வெடிச்சுதுன்னா ரெண்டு பேர் மூஞ்சியும் போயிடும். மேல அந்தத் தார்ப்பாயைப் போட்டு மூடு. என்ஜின் மேல போட்ட கம்பளி?

— அப்படியேதான் இருக்கு.

— நல்லது. என்ஜின் இன்னும் சூடு ஆறல. நமக்கு இருக்கற ஒரே புண்ணியம் அதுதான். பேட்டரிக்குக் கொஞ்சம் தெம்பு வந்து ஒரு சுத்து சுத்தினாப் போதும், பிடிச்சுக்கும்.

— ஒரு சுத்துதானா?

— ஒண்ணு. மாதா மனசு வெச்சா ஒண்ணரை.

— பிடிச்சப்புறம் மறுபடி நின்னுட்டா?

— அதுக்குத்தானே வயரைத் தேடறேன். ஆல்டர்னேட்டர் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கல. ஏன் கொடுக்கலன்னு தெரியாம ஸ்டார்ட் பண்ணினா, ஏரி ஒடுங்கற அந்தக் கழுத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டாவது தடவை படுத்துக்கும். அப்புறம் அடுப்புல கேஸும் இருக்காது.

— கழுத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம்?

— மூணு மைலு. பாறைத்திட்டைச் சுத்திப் போனாக் கொஞ்சம் கூட.

— விரிசல் மேல போட எடுத்துட்டு வந்த பலகையை நாம இழுத்துக்கிட்டே போயிடலாம் மச்சான். ஆளுக்கு ஒண்ணு. கயிறு இருக்கு.

— பதினாறு அடிப் பலகை. மூணு அங்குல கனம். வலிக்கற முழங்காலை வெச்சுக்கிட்டு. கணுக்கால் அளவு தண்ணியில. ஒரு மைலுல உக்காந்துடுவே. அப்புறம் நான் எதை இழுக்கறது? உன்னையா பலகையையா?

— சும்மா நிக்கறதுக்கு அது தேவலாம்.

— நான் சும்மா நிக்கல மாப்ளே.

— சரி. சரி. தப்பா எடுத்துக்காத.

— அந்த விரிசலைத் திரும்பச் சொல்லு. நீதானே கிட்டப் போய்ப் பாத்தே.

— எத்தனை தடவை சொல்றது?

— சொல்லு. உனக்கும் பேச ஏதாவது வேணும்ல.

— இருபது அடி இருக்கும். ரெண்டு பக்கமும் விளிம்பு கறுத்துப் போச்சு. நடுவுல அலை. அலை, மச்சான். நேத்து சாயங்காலம் அது மேல பலகைகூடப் போடாம பனிவண்டியில தாண்டி வந்தேன். ஒரு கை நுழையற அகலம்தான் இருந்துச்சு. இப்ப அவ போன தடம் இந்த விளிம்பு வரைக்கும் வருது, அந்தப் பக்க விளிம்புல மறுபடி ஆரம்பிக்குது. திரும்பின தடம் இல்ல.

— அவ தாண்டினப்புறம்தான் தொறந்திருக்கு.

— அதான் நானும் நெனைக்கறேன். அப்படித்தான் இருக்கணும்.

— அப்ப அவ கழுத்துல நிப்பா. இந்த ஏரியில வலை போடற எவனும் அப்படித்தான் செய்வான். விரிசல் தொறந்தா கழுத்துக்குப் போ, ஒடுக்கமான எடத்துல நில்லு, பலகையோட ஆள் வர்ற வரைக்கும் நகராத. அவ பத்து வயசுலேர்ந்து கேட்டது இது.

— அவ நிப்பா. நாமதான் வரல.

— ரேடியோவுல ஏன் ஒண்ணும் வரலன்னுதான் எனக்குப் புரியல. வண்டி நிக்கற வரைக்கும் போட்டுத்தானே வெச்சிருந்தே?

— போட்டுத்தான் வெச்சிருந்தேன். அவகிட்ட இருக்கறது கைரேடியோ. பாறைத்திட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்டா எடுக்காது. இப்ப நம்மளுதும் செத்துப் போச்சு. அவ கூப்பிட்டுக்கிட்டே இருந்தாக்கூட நமக்குத் தெரியாது.

— உன் போனு?

— சமையக்கட்டு மேசை மேல. சார்ஜ் போட்டேன். வந்துட்டேன். உன்னுது?

— போன வாரம் வலை இழுக்கறப்ப குனிஞ்சேன்ல.

— ஆமா.

— இப்ப ஏதோ ஒரு பிக்கரல் மீன் வெச்சுப் பேசிக்கிட்டு இருக்கும்.

— மச்சான்.

— சிரிக்க வேணாம். கேட்டே, சொன்னேன். அந்தக் கத்தியை எடு. இந்த டேப்பைப் பிரிக்கப் போறேன். சந்தேகம் இந்த ஜாயின்ட்டு மேலதான். நான் முறுக்கினது இது.

— கேட்டுச்சா?

— என்ன?

— சத்தம். நம்ம பின்னாடி. கரைப் பக்கம்.

— ஐஸ் பேசுது. மார்ச்சுல அது பேசத்தான் செய்யும்.

— இப்படிப் பேசி நான் கேட்டதில்ல. பீரங்கி மாதிரி.

— இருபத்தஞ்சு வருஷமா இதுமேல நடக்கறே. இன்னுமா பயம்?

— இன்னிக்குப் பயமாத்தான் இருக்கு.

— கத்தி.

— இந்தா.

— நேத்து ராத்திரி உங்க வீட்டுல சத்தம் கேட்டுச்சுன்னு பக்கத்து வீட்டு லோராங் சொன்னான்.

— சத்தமெல்லாம் இல்ல.

— அப்ப காத்து போட்டுச்சா சத்தம்?

— வலையை எடுத்துடலாம்னா அவ. சீசன் முடிஞ்சுது, ஐஸ் கறுத்து மெலியுது, இன்னிக்கே எடுத்துடலாம்னா. இன்னும் ஒரு வாரம் கெடக்கும்னேன். என் ஐஸு எனக்குத் தெரியும்னேன். அவ அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. சூப்பை அடுப்புல வெச்சா. மாவை உருட்டினா. அப்புறம் படுத்துட்டா. காலையில எழுந்து பாத்தா பனிவண்டி இல்ல.

— ஒருத்தியா அத்தனை வலையையும் எடுக்கப் போயிருக்கா.

— நான் முடியாதுன்னு சொன்னதுக்காக.

— எங்க அம்மா மாதிரியே. சண்டை போட மாட்டா. செஞ்சு காட்டுவா.

— திட்டிட்டுப் போயிருந்தாப் பரவால்ல மச்சான். ஒரு வார்த்தை திட்டிட்டுப் போயிருந்தா.

— ஜாயின்ட்டு நல்லா இருக்கு.

— என்ன?

— நான் முறுக்கினது. பாரு. பளபளன்னு. பச்சை பிடிக்கல, ஈரம் ஏறல. என் வேலையில குத்தமில்ல.

— இப்ப அதுவா முக்கியம்?

— எனக்கு முக்கியம். காலையிலேர்ந்து நீ என் வயரு, என் டேப்புன்னு எத்தனை தடவை சொன்னே, எண்ணிக்கிட்டா வந்தேன்? பேட்டரியை எடுத்துட்டு வா. மாட்டிப் பாத்துடலாம். மெதுவா. கீழ வழுக்கும்.

— இந்தா. கனம் கொல்லுது.

— எறக்கு. செவப்பு முதல்ல. முடுக்கு. இப்ப கறுப்பு. சரி. போய் உள்ள உக்காரு. ஹீட்டர் ஆஃப், லைட்டு ஆஃப், வைப்பர் ஆஃப்.

— எல்லாம் ஆஃப்.

— கதவு?

— தொறந்து கட்டித்தான் இருக்கு. கயிறு இறுக்கமா இருக்கு.

— பெல்ட்டு போட்டுடாத. பழக்க தோஷத்துல.

— ஐஸ் ஒடைஞ்சா வெளிய குதிக்கணும், எவன் பெல்ட்டு போடுவான்?

— சரி. சாவியைப் போடு. செல்ஃப் அடிச்சிடாத. போட மட்டும் செய். நான் டெஸ்ட் லேம்ப்பை வெச்சு ஒவ்வொரு வயரா தொட்டுப் பாக்கறேன்.

— போட்டாச்சு.

— தடிச்ச செவப்பு... எரியுது. மங்கலாத்தான். ஆனா எரியுது. குட்டிச் செவப்பு... எரியுது. இப்ப பழுப்பு.

— என்ன?

— பொறு.

— எரியுதா இல்லையா?

— சாவி முழுக்கத் திரும்பி இருக்கா?

— இருக்கு மச்சான்.

— அப்ப எரியல. சாவியிலேர்ந்து இந்த வயருக்குக் கரண்டு வரணும். வரல. என் ஜாயின்ட்டு நல்லா இருக்கு. இந்தப் பக்கம் கோளாறு இல்ல. உள்ள, டேஷ்போர்டுக்குப் பின்னாடிதான் எங்கயோ அறுந்திருக்கு. மாப்ளே, காலையில சாவி போட்டப்ப அந்தச் சின்னச் செவப்பு விளக்கு வந்துச்சா? ஸ்டியரிங்குக்குப் பின்னாடி, இடது ஓரத்துல?

— ஏன் கேக்கறே?

— வந்துச்சா கஸ்பார்?

— அது எரியறதில்ல.

— எப்பலேர்ந்து?

— கிறிஸ்மஸுக்கு முன்னாடியிலேர்ந்து.

— பல்பு போயிடுச்சா?

— போகல.

— பின்ன?

— நான்தான் கழட்டினேன்.

— ஒரு சிகரெட்டு கொடு.

— தவக்காலத்துக்கு விட்டுட்டேன்னு சொன்னியே. ஈஸ்டர் வரைக்கும்.

— கொடு. ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கறேன்.

— இந்தா.

— ஏன் கழட்டினே?

— வண்டி மெதுவா ஓடறப்ப அது லேசா மினுக்கும். ரொம்ப லேசா. கொரின் பக்கத்துல உக்காந்து அதையே பாத்துக்கிட்டு வருவா. கஸ்பார், செவப்பா எரியுது. கஸ்பார், ஓவீட் அண்ணன்கிட்ட ஒரு தடவை காட்டேன். தேவாலயத்துக்குப் போறப்பவும் அதே, திரும்பறப்பவும் அதே. வண்டி நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒரு நாளு பிளையரை வுட்டுப் பிடுங்கிட்டேன். அதுக்கப்புறம் அவ கேக்கல.

— வாயையும் பிடுங்க முடியுமான்னு பாத்திருப்பே.

— அப்படி இல்ல மச்சான். அவ பயப்படறது எனக்குத் தாங்கல. அவ்வளவுதான்.

— பல்பு எங்க?

— வீசிட்டேன். ரோட்டோரம்.

— என்கிட்ட காட்டியிருந்தா ஆல்டர்னேட்டர் பெல்ட்டை ஒரு இழு இழுத்து முடிச்சிருப்பேன். ஒரு பீருக்கு ஆகற வேலை.

— அந்தப் பல்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அது சும்மா எச்சரிக்கைதானே.

— எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. கேளு மாப்ளே. சாவியிலேர்ந்து கரண்டு அந்தப் பல்பு வழியாத்தான் இந்தப் பழுப்பு வயருக்கு வருது. வேற வழி கெடையாது. அந்தத் துளிக் கரண்டு வந்து தட்டினாத்தான் ஆல்டர்னேட்டர் கண்ணு முழிக்கும். முழிச்சப்புறம் அதுவே தன்னைப் பாத்துக்கும், விளக்கும் அணைஞ்சிடும். நீ எழுப்பற ஆளையே வீட்டை விட்டுத் தொரத்திட்டே.

— மூணு மாசமா பல்பு இல்லாமத்தானே ஓடிச்சு.

— ரோட்டுல ஓடிச்சு. அறுபதுல மிதிச்சா அந்தச் சுத்துலயே அது தானா எழுந்துக்கும். ஜனவரியில ஐஸ் கல்லு மாதிரி இருந்தப்ப இது மேலயே நாப்பதுல பறந்தே. இன்னிக்கு எப்படி வந்தோம்? நடக்கற வேகத்துல. வேற வழி இல்ல, மெலிஞ்ச ஐஸ் மேல வேகமாப் போனா அடியில தண்ணி அலையா எழும்பி முன்னாடி ஓடி ஒடைச்சிடும். அப்படி ஊர்ந்து வந்தோம். லைட்டு, ஹீட்டர், வைப்பர், ரேடியோ எல்லாம் ஓடிச்சு. கெளம்பினதுலேர்ந்து பேட்டரியைக் குடிச்சுக்கிட்டே வந்திருக்கா கெழவி. உள்ள ஒரு சொட்டு போகல.

— நான் கொன்னுட்டேன் மச்சான். அவளை நான் கொன்னுட்டேன்.

— நிறுத்து.

— நேத்து அவ சொன்னப்ப...

— நிறுத்துன்னு சொன்னேன். அவ எங்கப்பா பொண்ணு. ஐஸ் படிச்சவ. இப்ப எனக்கு உன் கை வேணும், அழுகை வேணாம். அந்த டேப்பு உருளையைப் பல்லால கிழிச்சு நாலு துண்டு கொடு.

— என்ன பண்ணப் போறே?

— இந்த டெஸ்ட் லேம்ப்புக்குள்ள இருக்கறது என்ன?

— பல்பு.

— அதேதான். வைப்பர் மோட்டாருக்குப் போற இந்த வயருல சாவி போட்டா மட்டும் கரண்டு வரும். தோலைச் சீவிட்டு க்ளிப்பை இதுல கடிக்க விடறேன். முனையைப் பழுப்பு வயருல வெச்சுச் சுத்தறேன். டேஷ்போர்டுல இருந்த பல்பு இப்ப என்ஜினுக்குப் பக்கத்துல தொங்குது. அவ்வளவுதான் வித்தியாசம்.

— இது பிடிக்குமா?

— பிடிக்கணும். டேப்பு.

— காத்து திரும்பிடுச்சு மச்சான்.

— எந்தப் பக்கம்?

— விடியக்காலையில முகத்துல அடிச்சுது. இப்ப முதுகுல அடிக்குது. ஊருலேர்ந்து இந்தப் பக்கமா.

— அதான் மூடுபனி விலக மாட்டேங்குது. இன்னொரு டேப்பு. இந்த நுனியைப் பிடி. விடாத.

— அவளுக்குக் காலுறை நனைஞ்சிருக்கும். போன வாரமே அந்தப் பூட்ஸு ஒழுகுதுன்னு சொன்னா. வாங்கலாம்னேன்.

— வாங்குவே. நாளைக்கு. ரெண்டு ஜோடியா வாங்கு. போ, ஏறு.

— ஏறிட்டேன்.

— சாவி போடு. செல்ஃப் வேணாம்.

— போட்டாச்சு.

— எரியுது, மாப்ளே. லேம்ப்பு எரியுது. பழுப்பு வயருல உயிர் வந்துடுச்சு. இப்ப கேளு. ஒரே சுத்து. ஆக்ஸிலேட்டரை ஒரு தடவை அமுக்கி விடு. விட்டியா?

— விட்டேன்.

— நான் கையைத் தட்டினா அடி. பிடிச்சா மெதுவா மிதி, பாதி அளவு, அப்படியே வெச்சிரு. பிடிக்கலன்னா உடனே விட்டுடு. இழுத்துக்கிட்டே இருக்காத. புரியுதா?

— புரியுது. மச்சான், ஒரு நிமிஷம்.

— என்ன?

— ஒண்ணுமில்ல. தட்டு.

— அடி!

— இழுக்குது... இழுக்குது... ஐயோ நின்னுடும் போல இருக்கே...

— விடாத. விடாத. இப்ப மிதி.

— பிடிச்சுக்கிச்சு. மச்சான், பிடிச்சுக்கிச்சு.

— அப்படியே வெச்சிரு. காலை எடுத்துடாத. இன்னும் கொஞ்சம் மிதி. இன்னும்.

— லேம்ப்பு?

— எரியுது.

— இன்னும் எரியுதா?

— மிதி, மிதி... மங்குது. மங்குது. அணைஞ்சிடுச்சு.

— அணைஞ்சிடுச்சா? போச்சா?

— அணைஞ்சாத்தான் நல்லது. முழிச்சுக்கிட்டா கெழவி. காலைக் கொஞ்சம் தளர்த்து... அணைஞ்சே இருக்கு. இனி ஊர்ந்து போனாலும் கவலையில்ல, நாள் பூரா ஓடலாம். மாதாவே, உமக்கு ஒரு மெழுகுவத்தி. லைட்டைப் போடு. ரேடியோவைப் போடு.

— போட்டேன். கொரகொரங்குது. கொரின். கொரின், கேக்குதா? கஸ்பார் பேசறேன்.

— பேசிட்டு பட்டனை விடு. விட்டாத்தானே அவ பேச முடியும்.

— கொரின், கழுத்துலயே நில்லு. அசையாத. வண்டி நின்னு போச்சு, இப்ப சரி பண்ணிட்டோம். பலகை எடுத்துக்கிட்டு வரோம். கேக்குதா?

— கஸ்பார். கஸ்பார், நீயா? எவ்வளவு நேரமா கூப்பிடறேன். தொண்டை கட்டிப் போச்சு.

— பேசறா மச்சான். பேசறா. கொரின், காலு நனைஞ்சிடுச்சா? குளிருதா? பனிவண்டி மேல ஏறி உக்காந்துக்கோ. தண்ணியில நிக்காத.

— எந்தத் தண்ணியில? நான் வீட்டுல இருக்கேன்.

— வீட்டுலயா?

— காத்து திரும்பப் போகுதுன்னு தெரிஞ்சுது. வலையெல்லாம் இழுத்துக்கிட்டு கழுத்து வழியாவே சுத்தி வந்துட்டேன். அப்ப அங்க ஒரு அடிகூடத் தொறக்கல. வந்து பாத்தா உன் போன் மேசையில கெடக்கு, வண்டியைக் காணோம். கூட யாரு?

— நான்தாம்மா. ஓவீட்.

— அண்ணே. நீயுமா?

— அழாத. வண்டி நல்லா ஓடுது. பலகை ரெண்டும் மேல இருக்கு. திருப்பிக்கிட்டு வந்த தடத்துலயே வந்துடறோம். சூப்பைச் சூடு பண்ணி வை.

— பலகை எட்டாது அண்ணே. வண்டியைத் திருப்பாதீங்க. இருக்கற எடத்துலயே நில்லுங்க, லைட்டை மட்டும் அணைக்காதீங்க. வின்னிபெக்கிலேர்ந்து ஹெலிகாப்டர் கெளம்பியாச்சு, மூடுபனியில அவனுக்குத் தெரியறது அது ஒண்ணுதான். காத்து தள்ளி, கரையை விட்டு ஐஸே பிரிஞ்சு போச்சு. ஜன்னல்ல நின்னுதான் பேசறேன், கண்ணுக்கு எட்டின வரைக்கும் தண்ணியாத்தான் இருக்கு. மத்த எல்லாரும் வந்து சேந்துட்டாங்க. ஏரி மேல இருக்கறது நீங்க ரெண்டு பேர்தான்.